புதுப்பிப்பு: குழாய்ப்புழு சாகவில்லை, விசிறி மறுபடி முளைக்கிறது

குன்னூர் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் குழாய்ப்புழு (தன் குழாய்க்குள்ளேயே வாழும் கடல் புழு) விசிறியை, அதாவது உணவு பிடிக்க வெளியே விரிக்கும் இறகுக் கொத்தை, உதிர்த்துவிட்டது, செத்துவிட்டதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். குழாயைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. உயிரோடுதான் இருக்கிறது!

விசிறி உதிர்ந்ததற்குக் காரணம் குளிர் என்றே நினைக்கிறேன். மழையில் இரவு முழுக்க கரண்ட் இல்லை. ஹீட்டர் நின்று, காலையில் தண்ணீர் 18 டிகிரிக்கு இறங்கியிருந்தது. மலையில் இருப்பவர்கள் ஹீட்டரை இன்வெர்ட்டரில் போட்டுவிடுங்கள். இப்போது 25 டிகிரியில் நிற்கிறது.

இடத்தையும் மாற்றினேன். முன்பு பம்ப் வாய்க்கு நேரே வைத்திருந்தது என் தவறு. அந்த வேகத்தில் விசிறி விரியவே முடியாது. இப்போது ஓட்டம் மெதுவான மூலையில், இரண்டு கற்களுக்கு நடுவே, குழாயின் அடிப்பகுதி மணலில் புதைந்திருக்கிறது. குழாயை அழுத்திப் பிடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய உடம்பு நசுங்கிவிடும்.

சாப்பாட்டுக்கு வாரம் மூன்று முறை நுண்பாசித் திரவம். ஊற்றும்போது வடிகட்டியை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்துகிறேன். தண்ணீரில் மிதக்கும் துகள்தான் இதற்கு உணவு, அதனால் பளிங்குபோல் சுத்தமான தொட்டியில் பட்டினி கிடக்கும்.

மூன்றாம் வாரம் குழாய் வாயில் பழுப்பாக ஒரு சின்னக் கொத்து தெரிந்தது. நேற்று ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு விரிந்திருந்தது. என் கை நிழல் பட்டதும் சட்டென்று உள்ளே போய்விட்டது.