கடையில் விண்டோஸ் 11 என்றார்கள், கமாண்ட் ப்ராம்ப்டில் 10.0 என்று வருகிறது – உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். தங்கச்சி காலேஜுக்காகப் போன வாரம் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று வாங்கினோம். விண்டோஸ் 11 ப்ரோ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையான கமாண்ட் ப்ராம்ப்டில், வெர்ஷன் காட்டும் "வெர்" கட்டளையை அடித்தால், வெர்ஷன் 10.0.22631 என்று வருகிறது. பழைய 10ஐப் போட்டு ஏமாற்றிவிட்டார்களா? அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்த காசு, அதனால்தான் பதற்றம்.

பதில் 1:
ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்) ப்ராடக்ட்நேம் என்ற வரியைப் பாருங்க ப்ரோ. விண்டோஸ் 10 ப்ரோ என்று இருந்தால் 10தான். உடனே திருப்பிக் கொடுத்துடுங்க.

பதில் 2:
தம்பி, அதை நம்பிக் கடைக்குப் போய்விடாதீர்கள். விண்டோஸ் 11 போட்ட மெஷினிலும் அந்த வரி விண்டோஸ் 10 என்றே இருக்கும். மைக்ரோசாஃப்ட் அதை மாற்றவில்லை. முன்னால் வரும் 10.0உம் அப்படித்தான், இரண்டுக்கும் பொது. விண்டோஸ் 7 இருந்த காலத்தில் இதே வெர் 6.1 என்றுதான் காட்டும். பெட்டியில் எழுதிய எண்ணும் உள்ளே இருக்கும் எண்ணும் ஒத்துப்போனது குறைவு.

பார்க்க வேண்டியது மூன்றாவது எண். 22000இல் தொடங்கி அதற்கு மேல் என்றால் 11. விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பே 19045தான். உங்களுடையது 22631, அதாவது விண்டோஸ் 11இன் 23ஹெச்2 பதிப்பு (2023இன் இரண்டாம் பாதியில் வந்தது). பெயரையே பார்க்க வேண்டுமென்றால் "சிஸ்டம்இன்ஃபோ" என்று சேர்த்து அடியுங்கள். சில நொடி எடுக்கும், பட்டியல் நீளமாக ஓடும். மேலே போய் இரண்டாவது வரி, ஓஎஸ் நேம், அதைப் படியுங்கள். அப்படியே ப்ராசஸர் வரியையும் இங்கே போடுங்கள்.

கேட்டவர்:
மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11 ப்ரோ என்றே இருக்கிறது அண்ணா, உயிர் வந்தது! ப்ராசஸர்: இன்டெல்64 ஃபேமிலி 6 மாடல் 142 ஸ்டெப்பிங் 9.

பதில் 2:
சந்தேகப்பட்டேன், பழைய சிப்பாக இருக்குமென்று. 7ஆம் தலைமுறை ஐ5-7200யூ இப்படித்தான் காட்டும். 8ஆம் தலைமுறை ஐ5-8250யூவுக்கும் மாடல் 142தான், ஆனால் ஸ்டெப்பிங் (சிப்பின் திருத்த எண்) 10. கீபோர்டு பக்கத்து ஸ்டிக்கரைப் பாருங்கள்.

7ஆம் தலைமுறை என்றால், ஒரு சில சிப் தவிர மற்றவற்றுக்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கிடையாது. இன்ஸ்டால் செய்யும்போது வரும் சிப் சோதனையைத் தாண்டிப் போட்டிருப்பார்கள். ஓடும், ஆனால் அடுத்த பெரிய பதிப்பு தானாக வராது. 23ஹெச்2 ப்ரோவுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2025 நவம்பர் 11ஓடு முடிந்துவிட்டது. தங்கச்சி பேங்க் வேலையும் அதில்தான் பார்ப்பார் என்றால் இது சின்ன விஷயமில்லை.

கேட்டவர்:
ஸ்டிக்கரில் தலைமுறை எண் 7தான் அண்ணா. அப்டேட் பக்கம் எல்லாம் சரி என்கிறது, 24ஹெச்2 மட்டும் வரவில்லை.

பதில் 2:
அதுதான் காரணம். பில்லோடு போய், வெர்ஷனைப் பற்றிப் பேசாமல், "8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் மாற்றிக் கொடுங்கள், வித்தியாசத் தொகையைத் தருகிறோம்" என்று கேளுங்கள். மாற்றித் தரும் மெஷினிலும் அந்தக் கவுண்டரிலேயே சிஸ்டம்இன்ஃபோ அடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேட்டவர்:
நாளைக் காலை அப்பாவோடு போகிறேன். நன்றி அண்ணா.