ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட்: முகக் கிரீமில் எவ்வளவு போடலாம்?

கேள்வி:
100 கிராம் கிரீமுக்கான கணக்கு இது: தண்ணீர் 73, கிளிசரின் 4, பாதாம் எண்ணெய் 6, ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட் (ஐபிஎம், மெல்லிய எண்ணெய் போன்ற திரவம்) 12, எமல்சிஃபையிங் வாக்ஸ் (எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் மெழுகு) 4, பிரிசர்வேட்டிவ் 1. பிசுபிசுப்பு இல்லை, ஆனால் நீர்த்துப்போய் மூன்றாம் நாள் எண்ணெய் மேலே மிதக்கிறது. பெயரில் 'ஐசோபுரொப்பைல்' இருக்கிறதே, தோலை உலர்த்துமா?

பதில் 1:
உலர்த்தாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மிரிஸ்டிக் அமிலமும் சேர்ந்து உருவாகும் எஸ்டர் அது. ஸ்பிரிட் மாதிரி ஆவியாகாது, தோலை வழுவழுப்பாக்கும். கவனிக்க வேண்டியது வேறு. முயல் காதில் செய்த சோதனைகளில் இது தோல் துளைகளை நன்றாகவே அடைத்தது. முயல் காதும் மனித முகமும் ஒன்றல்ல, சரிதான். ஆனாலும் பரு வரும் முகத்தில் பூசி அப்படியே விடும் கிரீமுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். கூடவே இருப்பதைத் தோலுக்குள் கொண்டுபோகும் குணமும் உண்டு. ரெட்டினால் (வைட்டமின் ஏ), சாலிசிலிக் அமிலம், வாசனை எண்ணெய் எதுவானாலும் எரிச்சல் கூடலாம். வெடித்த தோலில் வேண்டாம்.

பதில் 2:
பிரிவதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 18 கிராம் எண்ணெயைத் தாங்க 4 கிராம் வாக்ஸ் போதாது. ஐபிஎம்மோ தண்ணீர் மாதிரி ஓடும், கெட்டித்தன்மை துளியும் தராது. இப்படி மாற்றுங்கள்: ஐபிஎம் 4, பாதாம் 6, சீட்டைல் ஆல்கஹால் (பெயர்தான் ஆல்கஹால், கிரீமைக் கெட்டியாக்கும் மெழுகு போன்ற பொருள்) 2, வாக்ஸ் 5, கிளிசரின் 4, பிரிசர்வேட்டிவ் 1, தண்ணீர் 78. எண்ணெய்ப் பகுதி, தண்ணீர்ப் பகுதி இரண்டையும் தனித்தனியே 75 டிகிரிக்குச் சூடாக்கிக் கலக்குங்கள். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால் சீட்டைல் உடனே உறைந்து மணல் மணலாகத் திரியும். 40 டிகிரிக்கு இறங்கும்வரை கலக்கிக்கொண்டே இருங்கள். பிறகு எடை பார்த்து, ஆவியான தண்ணீரை ஈடுகட்டுங்கள். கொதித்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும். பிரிசர்வேட்டிவ் கடைசியில்.

கெட்டியாக வேண்டுமென்று ஹார்டு பாரஃபின் (கெட்டியான பெட்ரோலிய மெழுகு) சேர்க்காதீர்கள், ஐபிஎம்மோடு சேர்ந்தால் குருணையாகிவிடும். ரப்பர் மூடியும் வேண்டாம்: ஊறி உப்பும். கண்ணாடிப் புட்டி நல்லது.

கேள்வி கேட்டவர்:
பரு வரும் முகத்துக்கு ஐசோபுரொப்பைல் பால்மிட்டேட் பரவாயில்லையா?

பதில் 1:
அது இதன் அண்ணன், அதே சிக்கல்தான். அதே 4 கிராமுக்குக் கேப்ரிலிக் கேப்ரிக் டிரைகிளிசரைடு (இதுவும் ஒரு மெல்லிய எண்ணெய்தான்) போடுங்கள். சற்று மெதுவாகப் பரவும், அவ்வளவுதான். ஐபிஎம்மை மேக்கப் கலைக்கும் திரவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவைக் கரைப்பதில் கெட்டிக்காரன், எப்படியும் பிறகு முகத்தைக் கழுவிவிடுவீர்கள். கடையில் வாங்கும்போது 'ஆயில் ஃப்ரீ' என்று போட்டிருந்தாலும் பின்பக்கப் பட்டியலைப் பாருங்கள். எஸ்டரை எண்ணெயாகக் கணக்கில் எடுக்காமலே அப்படி எழுதுவதுண்டு.