லேத் பட்டறையில் பையன்கள் நிற்பதே இல்லை, தப்பு எங்கே இருக்கிறது?

புதூர் பட்டறைக்காரர்:

வணக்கம். மதுரை கே.புதூரில் இரும்பைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை ஒன்றைச் சின்னதாக வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், என்னையும் சேர்த்து ஐந்து பேர். ரைஸ் மில் சாஃப்ட், புஷ், பம்ப்செட் ரிப்பேர் என்று வேலைக்குக் குறைவில்லை. ஆள்தான் நிற்க மாட்டேன் என்கிறது.

தீபாவளியிலிருந்து இதுவரை நான்கு பையன்கள் போய்விட்டார்கள். ஒருவன் போனஸ் வாங்கிய மறு வாரமே. இன்னொருவன், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவன், இன்றுவரை போனை எடுக்கவில்லை. இரண்டு பேர் சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டார்கள். ஹெல்பருக்கு நாளைக்கு 500 ரூபாய், சனிக்கிழமை வாரச் சம்பளம், இரண்டு நேரம் டீ, வடை. அவசரத்துக்கு முன்பணமும் கொடுக்கிறேன். அரசு ஐடிஐ கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் அங்கே படித்து வருகிற பிள்ளைகள் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று பஸ் ஏறிவிடுகிறார்கள்.

நான் ஒரே முதலாளியிடம் 11 வருஷம் வேலை பார்த்தவன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லையா, இல்லை தப்பு என்னிடமா? மனசை விட்டுச் சொல்லுங்கள்.

திருமங்கலம் ஹோட்டல்:

உங்களுக்காவது பையன்கள்தான் போனார்கள். என் கடையில் பரோட்டா மாஸ்டர் 30,000 அட்வான்ஸ் வாங்கி மூன்றாவது வாரம் கிளம்பிவிட்டார். பக்கத்து ஊர்க் கடையில் கல்லில் நிற்கிறார் என்று அப்புறம் தெரிந்தது. அட்வான்ஸ் கொடுத்தால் கட்டுப்பட்டு நிற்பார்கள் என்று இனி நம்ப மாட்டேன்.

பழைய டர்னர்:

அண்ணே, நான் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். மூன்று பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கப்பலூரில் சிஎன்சி என்கிற கம்ப்யூட்டர் மிஷின் ஓட்டுகிறேன். இரண்டு இடத்தில் சொல்லாமல் போனவன் நான், அதனால் அந்தப் பையன்கள் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

முதல் பட்டறையில் இரண்டு வருஷம். காலையில் போனதும் லேத்துக்கு அடியில் கிடக்கும் இரும்புச் சுருளை அள்ளுவேன், டீ வாங்கி வருவேன், ராடு தூக்கிக் கொடுப்பேன். மிஷினைத் தொட்டால் முதலாளி சத்தம் போடுவார். ஒருநாள் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "என்னப்பா கத்துக்கிட்ட?" என்று கேட்டார். சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. அன்றைக்கு வந்த அவமானம் இப்போதும் நினைவிருக்கிறது.

இரண்டாவது இடத்தில் சனிக்கிழமை சம்பளம்தான் பிரச்சனை. வேலை ஆறு மணிக்கு முடியும். முதலாளி பார்ட்டியிடம் வசூலுக்குப் போயிருப்பார். கையைக் கழுவிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்போம். எட்டாகும், ஒன்பதாகும். ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்து, ஊர் விலக்கில் இறங்கி நடக்க வேண்டும். ஒருநாள் ஒன்பதரைக்கு வந்து 500 ரூபாயை நீட்டி, "மீதி திங்கக்கிழமை" என்றார். தங்கச்சிக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வைத்திருந்த கணக்கு அது. திங்கட்கிழமை நான் போகவில்லை. மீதிப் பணத்தைக் கேட்கவும் இல்லை.

மூன்றாவது முதலாளி, சேர்ந்த மூன்றாவது மாதமே மிஷினில் நிறுத்தினார். ஒரு சாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தைக் கூடுதலாகக் கடைந்து வீணாக்கிவிட்டேன். அவர் திட்டவில்லை. மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து, "எவ்வளவு போச்சுன்னு நீயே அளந்து சொல்லு" என்றார். அங்கே ஆறு வருஷம் இருந்தேன். பத்துப் பேருக்கு மேல் இருந்ததால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. சம்பளத்தில் என் பங்கு 0.75 சதவீதம், அவர் பங்கு 3.25. அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனேன். அதற்கப்புறம் வேறு பட்டறையில் நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்றபோது எனக்குப் போகத் தோன்றவில்லை. சிஎன்சி கற்க வேண்டும் என்று ஆசை வந்தபோது இரண்டு மாதம் முன்னாடியே சொல்லி, என் இடத்துக்கு ஒரு பையனைப் பழக்கிவிட்டுத்தான் வந்தேன்.

டெலிவரிக்குப் போனவனுக்கு இன்றைக்கு எவ்வளவு சம்பாதித்தோம் என்று ராத்திரியே போனில் தெரிகிறது. உங்கள் பட்டறையில் அடுத்த வருஷம் தான் யாராக இருப்போம் என்று அவனுக்குத் தெரியுமா?

மாசி வீதிப் பொண்ணு:

நான் ஜவுளிக்கடையில் சேல்ஸில் இருந்தவள். காலை பத்திலிருந்து ராத்திரி பத்து வரை நின்றபடியே. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. ராத்திரி காலைச் சுவரில் தூக்கி வைத்துத்தான் படுப்பேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்தது, எங்கள் மாடிக்கு ஒரு ஸ்டூல்கூட வரவில்லை. அதே வருஷம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. பஸ் செலவு இல்லாததால் தூரத்துக் கடைக்கும் போய்ப் பார்க்கத் துணிச்சல் வந்தது. இப்போது உட்கார்ந்து பில் போடும் வேலை. சம்பளம் பழைய அளவுதான். நான் மாறவே மாட்டேன்.

புதூர் பட்டறைக்காரர்:

டர்னர் தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வசூலுக்குப் போய்ச் சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்து சம்பளம் கொடுத்தது நானும்தான். டீயும் வடையும் கொடுப்பதைப் பெரிதாக எழுதியிருக்கிறேன், மிஷினைக் கொடுத்ததில்லை. வெள்ளிக்கிழமையே வசூலை முடித்து, சனிக்கிழமை ஐந்தரைக்குக் கையில் கொடுத்துவிடுகிறேன். இப்போது மிச்சம் இருக்கிற ஹெல்பர் பையன் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. திங்கட்கிழமை சின்ன லேத்தில் நிறுத்தப் போகிறேன். முதலில் என்ன வேலை கொடுக்கலாம், தம்பி?

பழைய டர்னர்:

ஃபேசிங் கொடுங்கண்ணே, ராடு முனையைச் சமமாகக் கடைகிற வேலைதானே. பழைய இரும்பு ராடு துண்டு நாலைந்து எடுத்துப் போடுங்கள், வீணானாலும் கவலையில்லை. கடைகிற டூலின் முனையை ராடின் நடு மட்டத்துக்கு அவனே வைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். தொளதொள சட்டையோடு நிற்க விடாதீர்கள். ராடைப் பிடிக்கும் சக்கை முறுக்குகிற சாவியைக் கழற்றி வைத்த பிறகுதான் ஸ்விட்சைத் தொட வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.