பியானோ அழுவுது, கீழ பீட் ஆடுது, உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா?

நைட் ஷிஃப்ட் முடிஞ்சி ஃபேக்டரி பஸ்ல சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிட்டு இருந்தோம், ரெண்டு பக்கமும் செம்பனை, பாதிப் பேரு தூக்கம், டிரைவர் அண்ணன் பென்டிரைவ்ல அம்மன் பாட்டு குத்துப்பாட்டு எல்லாம் கலந்து வரும், நடுவுல திடீர்னு ராபர்ட் மைல்ஸோட சில்ட்ரன்ங்கற டான்ஸ் மியூசிக். வார்த்தையே இல்ல. பியானோ தனியா வர்ற எடத்துல தொண்டை அடச்சிருச்சு, அப்புறம் டம் டம்னு பீட் விழுது, சரி இனி சோகம் போயிரும்னு பாத்தா போகல! கால் தாளம் போடுது, கண்ணு கலங்குது. என்னங்க இது?

—

அக்கா, நான் கல்யாணத்துக்கு டிஜே பண்றவன். அது 1995ல வந்தது. மைல்ஸோட அப்பா யுகோஸ்லாவியா போர் நடந்த எடத்துலேர்ந்து கொண்டாந்த பிள்ளைங்க போட்டோவப் பாத்துட்டுப் போட்ட மெட்டு. இன்னொரு காரணமும் உண்டு, இத்தாலில விடிய விடிய டிஸ்கோல ஆடிட்டு அதே வேகத்துல காடி ஓட்டி பசங்க செத்துக்கிட்டு இருந்தாங்க, கடைசில சாந்தமா ஒன்னு போட்டு அனுப்பணும்னு நெனச்சாராம். அப்ப நைட் ஷிஃப்ட் பஸ்ஸு சரியான எடம்தான் லா.

நல்லா கவனிங்க, பீட் வந்தாலும் பியானோ அதே சோகமான மைனர் ஸ்கேல் மெட்டத்தான் வாசிக்குது, சந்தோஷமா மாறவே மாறாது, கீழ கிக்குன்னு சொல்ற அந்த டம் டம் அடியும், பேஸுன்னு சொல்ற கனத்த சத்தமும்தான் வரும் போகும். அதனால ஒடம்பு ஒன்னு கேக்குது, மனசு வேற கேக்குது. நான் பண்ற டிராக்குல கிக் விழும்போதெல்லாம் பியானோ சத்தத்த லேசா கொறச்சி விடுவேன், சைட்செயின்னு சொல்லுவாங்க, மூச்சு வாங்குற மாதிரியே இருக்கும். ஆனா கல்யாணத்துல கிக்க நிறுத்திப் பியானோவ மட்டும் விட்டா ஆன்ட்டிங்க எல்லாம் சாப்பாட்டு லைனுக்குப் போயிருவாங்க, அது வேற கதை.

—

நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி. உறுமி மேளத்துல அடிச்சவன் சொல்றேன், அடி ஆரம்பிச்சா மெட்ட யாரும் கேக்க மாட்டாங்க. பியானோவுக்கு எதுக்குப் பீட்டு? இதுக்காகவே மகன கீபோர்டுல தனியா வாசிக்கச் சொன்னேன். நல்லாத்தான் வாசிச்சான், ஆனா அந்தத் தங்கச்சி சொல்ற தொண்டை அடைக்கிறது எனக்கு வரல, கொஞ்ச நேரத்துல நியூஸ் போட்டுட்டேன்.

—

பாத்தீங்களா அங்கிள், பீட் இல்லாம தனியா வாசிச்சதாலதான் வரல! நிமிஷத்துக்கு 137 கிக் பக்கம் வச்சி வாசிக்கணும். ஞாயித்துக்கிழமை ஸ்பீக்கர எடுத்துட்டு வர்றேன், தே தாரே உங்க செலவு.