கண்ணாடிக்குக் கீழே படுத்த சிங்கம்

ஆப்பிரிக்க சஃபாரி போய்வந்தவர்கள், சிங்கத்தை எவ்வளவு கிட்டத்தில் பார்த்தோம் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எங்களுக்கு அது அளவுக்கு மீறிக் கிட்ட வந்துவிட்டது. அதனாலேயே சரியாகப் பார்க்க முடியவில்லை.

எனக்கு வேலை தான்சானியாவில், தார் எஸ் சலாம் நகரத்தில். போன ஜூலையில் மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். செரெங்கெட்டி தேசியப் பூங்கா என்றால் குறைந்தது மூன்று நாள் குலுங்க வேண்டும், மாமாவின் முதுகு தாங்காது. ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று, விலங்குகள் நிறைந்த ங்கோரோங்கோரோ பள்ளத்துக்குப் போனோம். மாமா வாயில் கடைசிவரை அது ‘கோரங்கோரம்’தான்.

முந்தின இரவு பக்கத்து ஊரான கரட்டுவில் தங்கிவிட்டு, காலை ஆறு மணிக்கு கேட் திறந்ததும் நுழைந்தோம். பள்ளத்தின் விளிம்பு ஏறக்குறைய ஊட்டி உயரம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நம்பிப் பருத்திச் சேலையோடு வந்த அத்தை, வண்டியில் கிடந்த, அங்கத்து மசாய் பழங்குடிகளின் போர்வையைச் சுற்றிக்கொண்டார். போகிறவர்கள் ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.

பழைய எரிமலை ஒன்று வெடித்து உள்ளே சரிந்ததில் உண்டான பள்ளம் இது. 600 மீட்டர் ஆழம், அடித்தளம் மட்டும் 260 சதுர கிலோமீட்டர். பனிமூட்டத்துக்குள் வண்டி இறங்கிக்கொண்டே இருக்கும், திடீரென்று மூட்டம் விலகிக் கீழே மஞ்சள் புல்வெளி. அதில் மிளகைக் கொட்டினாற்போல வில்டபீஸ்ட் மான் கூட்டம். ஒட்டகச்சிவிங்கி எங்கே என்று மனைவி கேட்டதற்கு ஓட்டுநர் சிரித்தார். இந்தச் செங்குத்துச் சுவரில் அது இறங்காதாம். வழியில் மேலே பார்த்ததோடு சரி. யானைகளிலும் கண்ணில் பட்டதெல்லாம் கிழட்டு ஆண் யானைகள், தரையைத் தொடுகிற மாதிரித் தந்தங்கள்.

ஓட்டுநரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுவாகிலியில் ‘மாமா’ என்றால் அம்மா. அவர் அத்தையை மரியாதையாக “மாமா, இங்கே பாருங்கள்” என்று கூப்பிடுவார், மாமா திரும்புவார். பத்து தடவை விளக்கியும் மாறவில்லை.

கறுப்புக் காண்டாமிருகத்துக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். இங்கே அவை சொற்பம், ரேடியோவில் தகவல் வந்ததும் எல்லா வண்டியும் ஒரே இடத்துக்குப் பறக்கிறது. பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கக் கூடாது என்பதால் பைனாகுலரில் ஒரு சாம்பல் பொட்டைப் பார்த்தோம். அது ஒரு முறை தலையைத் தூக்கியது. மாமாவுக்கு அதிலேயே பரம திருப்தி.

மதியச் சாப்பாடு நீர்யானைக் குளத்தோரம். வண்டியிலிருந்து இறங்க அனுமதி உள்ள இடங்கள் இரண்டு மூன்றுதான், இது ஒன்று. உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள், பருந்து வரும் என்று ஓட்டுநர் சொன்னார். மாமா கேட்கவில்லை. சப்பாத்தி ரோலை வாய்க்குக் கொண்டுபோகும்போது முதுகுப் பக்கமாக ஒரு காற்று அடித்தது, அவ்வளவுதான், கையில் வெறும் தாள். நம் ஊர் கள்ளப்பருந்துக்கு நெருங்கிய சொந்தம் இது. பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை.

இரண்டு மணி இருக்கும். தரையில் மரமே இல்லாத பகுதி, வெயில் ஏறிவிட்டது. பாதையோரம் நான்கு பெண் சிங்கங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று எழுந்து சோம்பல் முறித்து நேராக எங்களை நோக்கி நடந்து வந்தது. ஓட்டுநர் கண்ணாடிகளை ஏற்றச் சொல்லிவிட்டு மெதுவாக, “மாமா, அசையாதீர்கள்” என்றார். மாமா, அத்தை இருவருமே அசையவில்லை.

அதற்கு நாங்கள் பொருட்டே இல்லை. வேண்டியது வண்டியின் நிழல். பின் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து, ‘தொப்’பென்று விழுந்து படுத்தது. சாய்ந்ததில் வண்டி லேசாக ஆடியது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் காது ஒன்றுதான் தெரிந்தது. விளிம்பில் கிழிசல், உள்ளே வெளிர் ரோமம், மொய்க்கிற ஈக்கள். காது துடிக்கும், ஈ எழும்பும், திரும்ப உட்காரும். 1962-ல் இங்கே கடிக்கும் ஈக்கள் பெருகிச் சிங்கங்களில் பெரும்பாலானவை அழிந்து, பத்துப் பதினைந்துதான் மிஞ்சினவாம். ஓட்டுநர் இதைக் கிசுகிசுப்பாகச் சொல்லும்போது கீழே அது வாய் திறந்து இளைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாற்பது நிமிடம். எஞ்சினைப் போட முடியாது. மாமாவுக்கு ஒன்றுக்கு வேறு நெருக்கியது. ஆறு மணிக்குள் மேலே ஏறி வெளியேறிவிட வேண்டும் என்ற கவலை ஓட்டுநருக்கு. சுற்றிலும் ஏழெட்டு வண்டிகள் சேர்ந்து, எல்லோருடைய கேமராவும் எங்களையே பார்த்தது. கடைசியில் நிழல் நகர்ந்ததோ என்னவோ, எழுந்து திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

எங்களிடம் இருக்கும் ஒரே படத்தில் ஒரு காதும் பாதி டயரும்தான். முழுப்படம் முன்பின் தெரியாத யாருடைய போனிலோ இருக்கும். அதில் சிங்கத்துக்கு மேலே, ஜன்னலுக்குள், மசாய் போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் அத்தை.