பேனர்ல 'எக்ஸ்சேஞ்ச்' போடவா 'ஸ்வாப்' போடவா?

பார்வதிபுரம்_பையன்: எங்க கிளப்புல ஞாயித்துக்கிழம பழைய பாடப்புஸ்தகம் மாத்துற ஏற்பாடு, பைசா கெடையாது, பத்தாங்கிளாஸ் புஸ்தகத்த குடுத்துட்டு ப்ளஸ் ஒன் புஸ்தகம் எடுத்துட்டு போவலாம். பேனர்ல 'புக் எக்ஸ்சேஞ்ச்'னு ஒருத்தன், 'புக் ஸ்வாப்'னு இன்னொருத்தன், ஒரே அடி. ரெண்டும் ஒண்ணுதானே?

வடசேரி_வாத்தியார்: ஒண்ணு இல்ல மக்கா. ஸ்வாப்னா ரெண்டு பேரு நேரடியா, பெரும்பாலும் ஒரே மாதிரி சாமான மாத்திக்கிறது, பஸ்ல சீட்டு மாத்துற மாதிரி. சைஸ் சேராத சட்டைய பில்லோட கடைக்கு கொண்டு போனா எக்ஸ்சேஞ்ச், பழைய ஸ்கூட்டர குடுத்து மேல ரூவாயும் கட்டி புதுசு எடுத்தா அதுவும் எக்ஸ்சேஞ்ச்தான். எந்த ஷோரூம்காரனாவது அதுக்கு ஸ்வாப் ஆஃபர்னு போடுவானா?

களியக்காவிளை_காரன்: வோய் வாத்தியாரே, சும்மா ரூல் போடாதேயும். பொண்டாட்டி கிட்னி குடுக்க ரெடி ஆனா புருசனுக்கு சேரல, இன்னொரு ஜோடிக்கும் இதே கத, அப்ப ரெண்டு ஜோடியும் குறுக்கால மாத்திக்கிடுவாவ. நம்ம டாக்டர்மாரு அத ஸ்வாப்ங்காவ, அமெரிக்காவுல கிட்னி எக்ஸ்சேஞ்ச்ங்கான், அதுக்கு வழிமுறை போட்டுக் குடுத்த ஆல்வின் ராத்துக்கு 2012ல பொருளாதார நோபலே கெடச்சாச்சு. ஒரே ஆபரேஷன் வோய்!

வடசேரி_வாத்தியார்: ஸ்வாப் எல்லாமே எக்ஸ்சேஞ்சுக்குள்ள வரும், அதான் அங்க ரெண்டும் செல்லுது. திருப்பிப் போட்டா செல்லாது. கல்யாணத்துல மோதிரம் மாத்துறத ஸ்வாப்னு கார்டுல அடிச்சுப் பாரும், பொண்ணு வீட்டுக்காரங்க மண்டபத்துக்கே வரமாட்டாங்க.

தக்கலை_பேங்க்: ஒரே மாதிரி சாமான்னு சொன்னது இடிக்குதே சார். 2019 மார்ச்சுல ரிசர்வ் பேங்க் 500 கோடி டாலருக்கு ஸ்வாப் ஏலம் விட்டுச்சு, பேங்குங்க டாலர குடுத்து ரூபா வாங்கும், 3 வருஷம் கழிச்சு அதே டாலர திருப்பி வாங்கிக்கிடணும். எங்க லைன்ல ஸ்வாப்னா திரும்பி வரும். குடுத்தாச்சு வாங்கியாச்சு கத முடிஞ்சுதுன்னா அது சாதா எக்ஸ்சேஞ்ச்.

வடசேரி_வாத்தியார்: அது பேங்க் பாஷ. மாத்தின புஸ்தகத்த எவனும் திருப்பிக் கேக்க மாட்டான்.

களியக்காவிளை_காரன்: செரி, 1956ல திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த நம்ம கன்னியாகுமரி பக்கத்து நாலு தாலுகா மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்துச்சு, அங்க இருந்த மலபார் கேரளாவுக்கு போச்சு. அது ஸ்வாப்பா எக்ஸ்சேஞ்சா? சொல்லும் பாப்போம்.

வடசேரி_வாத்தியார்: ரெண்டும் இல்ல. மொழி பாத்து சட்டம் போட்டு பிரிச்சது. மலபார குடுத்தா வாங்குனோம்? 1954ல தமிழ்நாட்டோட சேரணும்னு போராடுனவங்கள மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ்காரங்க சுட்டாங்களே, அத மறந்துட்டு பண்டமாத்து கணக்கு பேசாதேயும்.

தக்கலை_பேங்க்: பேனருக்கு வாங்கப்பா. ஒருத்தன் 1 புஸ்தகத்த குடுத்து 2 எடுத்தா என்ன செய்வீங்க?

பார்வதிபுரம்_பையன்: அத வாசல்ல இருக்கவன் பாத்துக்கிடுவான். பிளக்ஸ் கடைக்காரரு போன் போட்டுட்டாரு, ஸ்வாப்புன்னு சொல்லியாச்சு, எழுத்து கம்மி, பெருசா தெரியும்.

களியக்காவிளை_காரன்: நான் வந்தா எக்ஸ்சேஞ்ச்தான் பண்ணுவேன்.