ஏர் ஃப்ரையர் வாங்கலாமா?

கேள்வி (செங்கோட்டை):
வீட்டில் நான்கு பேர். எண்ணெயைக் குறைக்கும்படி அப்பாவிடம் டாக்டர் சொல்லிவிட்டார். அவரோ ஆரியங்காவுப் பக்கம் போனால் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் இல்லாமல் திரும்புவதில்லை. ஏர் ஃப்ரையர் பயன்படுமா, பரணுக்குப் போய்விடுமா?

பதில் (புளியரை):
ஒன்றரை வருடமாக வைத்திருக்கிறேன். பெயரில்தான் வறுவல், உள்ளே இருப்பது சூடான காற்றை விசிறியால் சுழற்றும் சின்ன அடுப்பு. வேகவைத்த சேப்பங்கிழங்கில் மசாலாவும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் பிசறி, 200 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் ஓரமெல்லாம் மொறுமொறுக்கும். மீனும் நன்றாக வருகிறது. ஆனால் பழம்பொரி போட்டேனே, அதைக் கேளுங்கள்! மாவு முழுவதும் ஓட்டை வழியே வழிந்து அடியில் தோசையாகிவிட்டது. பழம் மட்டும் மேலே அம்மணமாக உட்கார்ந்திருந்தது. சுரண்டவே அரை மணி நேரம். என் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

பதில் (தென்மலை):
சிப்ஸ் என்றால் தேங்காய் எண்ணெயில் மூழ்கி எழ வேண்டும். இதில் வற்றல்தான் வரும். அப்பா ஏமாற மாட்டார்.

கேள்வி கேட்டவர்:
கரண்ட் செலவு?

பதில் (புளியரை):
என்னுடையது 1,500 வாட். இடைவிடாமல் 40 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட். கூடை சின்னதாக இருந்தால் நான்கு பேருக்கு இரண்டு ஈடு போடவேண்டிவரும். பெரியதாகப் பார்த்து வாங்குங்கள்.